மாப்பிள்ளைக் கூறு

ஆடிக்குப் பிறந்த வீடு போன மனைவியை ஆவணி பிறந்ததும் திரும்ப அழைத்துவர எருத்தேன்பதியில் ஒரு மஞ்சள் பையும், ஒரு சீப்புப் பழமும், பஸ்ஸுக்குச் சில்லறையும் போதும். சாந்தன்பாறையில் அதற்கு ஒரு மிளா சாக வேண்டும்.

இந்த விவரம் செங்கோட்டையனுக்குக் கல்யாணத்துக்கு முன்பு சொல்லப்படவில்லை. ஜாதகம் பார்த்தார்கள். கொல்லங்கோட்டுப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை நிரந்தரம்தானா என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து விசாரித்தார்கள். மான் ஜாதியில் மாட்டு உயரத்துக்கு வளர்கிற ஒரு பிராணியை உன்னால் சுட்டுக் கொல்ல முடியுமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான். வீட்டில் கோழி அடிக்கும் நாட்களில் அவன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விடுவான். காற்று நிறைய இருக்கிற சைக்கிளுக்கும்.

வியாழக்கிழமை மதியம் போடியிலிருந்து வந்த பஸ்ஸில் அவன் இறங்கியபோது மாமனார் பெரியமுத்து ஆறேழு பேரோடு நின்றிருந்தார். ஏலத்தோட்டத்தில் கங்காணி. தும்முவதாக இருந்தாலும் நாலு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தும்முகிற மனிதர். தோட்டத்து லயத்தில், ஆட்கள் குடியிருக்கும் வரிசையில், நாற்பது வீடு. பாதி வீட்டுக்கு அவர் மாமா, மீதி வீட்டுக்குச் சித்தப்பா.

"நாளைக்குக் காலைல பஸ்ஸுக்குக் கெளம்பீரலாமுங்களா மாமா?" டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் செங்கோட்டையன் கேட்டான்.

"என்ன மாப்ள, கால்ல வெந்நிய ஊத்திக்கிட்டு வந்திருக்கீக?"

"திங்கக்கெழம ஆபீசுங்க."

"திங்கக்கெழமதான? இன்னைக்கு வியாழன். நடுவுல ஒரு மிளாவுக்குத் தாராளமா எடம் இருக்கு."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த லயத்தில் பெண் எடுத்தவன், ஆடி கழிந்து அழைக்க வரும்போது, ஒரு மிளாவை விழத்தட்டி, கறியைச் சமமாகப் பிரித்து நாற்பது வீட்டுக்கும் கூறு போட்டுவிட்டுத்தான் பெண்ணைக் கூட்டிப்போக வேண்டும். யாருக்கும் விலக்கில்லை. பெரியமுத்துவின் அக்காள் புருஷன் மழையில் மாட்டிக்கொண்டு பதினேழு நாள் இங்கேயே கிடந்து விழத்தட்டினாராம். அதற்குள் அவர் பார்த்த மில் வேலை போய்விட்டதாம். இதை எல்லாரும் அவருடைய பெருமையாகச் சொன்னார்கள்.

"ஏனுங்க மாமா, நான் வேணும்னா பூப்பாறையில ரெண்டு ஆடு புடிச்சுத் தந்தர்றனுங்க. நாப்பது ஊட்டுக்கும் ஆகுமுங்க."

பெரியமுத்து அவனைப் பரிதாபத்தோடு பார்த்தார். "ஆட்ட எவன் வேணாலும் வாங்குவான் மாப்ள. ஆடு நம்மளக் கண்டு ஓடுதா? ஓடாததக் கொன்னு என்ன பெருமை?"

"கூறு போடலீன்னா என்னாகுமுங்க?"

"ஒண்ணும் ஆகாது. பொண்ணு இங்கன இருக்கும். நல்லாத்தான் இருக்கும். நீங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போங்க."

பொண்ணு என்கிற சின்னத்தாய் அப்போது டம்ளரை எடுக்க வந்திருந்தாள். செங்கோட்டையன் மாமனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் டம்ளரைத் தூக்கிய கை மட்டும்தான் அவன் கண்ணில் பட்டது. ஆனி மாதம் முழுக்க எருத்தேன்பதியில், தனிக்குடித்தன வீட்டில், அவனுக்குச் சோறு போட்ட கை. அது போன பிறகு அந்த வீட்டுக்கு அவன் தூங்குவதற்கு மட்டும்தான் போனான். அதுவும் சரியாக வரவில்லை. இன்னொரு மாதம் அப்படி இருப்பதைவிட எதையும் செய்துவிடலாம் என்று நினைத்தான். எதையும் என்று நினைத்தபோது அவன் மனதில் மிளா இல்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. அந்த மழையில் அவன் ஆதரவு திரட்டினான். முதலில் மாமியார் குருவம்மாள். "அத்தே, நீங்க மாமாகிட்ட ஒரு வார்த்த சொன்னா..."

"நான் என்னத்தச் சொல்ல? நாப்பது வீட்டுலயும் நான் கூறு வாங்கித் தின்னுருக்கேன். திருப்பிக் குடுக்காம இருந்தா நாளப்பின்ன குழாயடில நிக்க முடியுமா? நீங்க பயப்படாதீக. துப்பாக்கியச் சும்மா பிடிச்சுட்டு நில்லுங்க. மத்தத அவுக பாத்துக்குவாக."

அடுத்து மைத்துனன் பொன்ராஜ். அவனுக்குத் தங்கை மாப்பிள்ளையின் கஷ்டம் புரிந்தது. அதற்கு ஒரு மருந்தும் வைத்திருந்தான்; அதைக் குடித்துக் காட்டிவிட்டுத் தூங்கிப்போனான்.

மிளாவைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாடு முழுக்க எல்லாரும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தபாலாபீஸ் சுவரில் எழுதிப் போட்டிருந்த எழுபத்தாறாம் வருஷம் வேறு. சட்டம் சாந்தன்பாறைக்கும் வந்தது. வந்த சட்டத்துக்கு ஒரு கூறு கொடுத்து அனுப்பினார்கள். அதைக் காக்கிச் சட்டை போட்ட ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் வாங்கிப்போவார். துப்பாக்கியோ தோட்டத்துச் சொத்து. ஏலச்செடியைத் தோண்டுகிற பன்றிக்காக என்று லைசென்ஸ் எடுத்தது. லைசென்ஸில் எழுதியிருப்பதைத் துப்பாக்கி படித்ததில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் இருபது ஆண்களும் ஆறு நாய்களும் புறப்பட்டார்கள். செங்கோட்டையனுக்குப் பொன்ராஜின் காக்கி அரைக்கால் சட்டை மாட்டப்பட்டது. அதில் அவனைப் போல இன்னொரு கிளார்க்கும் தாராளமாக நுழையலாம் என்பதால் இடுப்பில் சணல் கயிறு கட்டினார்கள். காலில் புகையிலைத் தண்ணீர் தடவினார்கள், அட்டை ஏறாமல் இருக்க. அட்டைகளுக்கு அந்தப் புகையிலை பிடித்திருந்தது. கால் மணி நேரத்தில் முட்டிவரை ஏறிவிட்டன.

"அட்ட கடிச்சாத்தான் மாப்ள காட்டுக்கு நம்மளத் தெரியும்" என்றார் பெரியமுத்து. அவர் காலில் ஒன்றுகூட இல்லை. காட்டுக்கு அவரைத் தெரியாது போலிருக்கிறது.

வழி நெடுக ஒவ்வொருவரும் தங்கள் முதல் மிளாவைப் பற்றிச் சொன்னார்கள். எல்லா முதல் மிளாவும் கிடாவாக இருந்தது. எல்லாக் கிடாவும் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து வந்தது. எல்லாரும் கடைசி நொடியில் சுட்டார்கள். அத்தனை பெரிய உயிர் விழுந்தபோது பூமி அதிர்ந்தது. செங்கோட்டையன் கேட்டுக்கொண்டே காலைச் சொறிந்தான்.

அவனையும் மாமனாரையும் ஓடைப்பக்கம் நிறுத்திவிட்டு மற்றவர்கள் மேலே ஏறிக் காட்டைக் கலைத்தார்கள். தகரத்தைத் தட்டினார்கள், கூவினார்கள், நாய்களை அவிழ்த்தார்கள். நாய் துரத்தினால் மிளா தண்ணீரைத் தேடி இறங்கும் என்று பெரியமுத்து சொன்னார். தண்ணீரில் நின்றால் நாயிடமிருந்து தப்பிக்கலாம் என்று அதற்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓடையில் மனிதன் நிற்பான் என்று சொல்லவில்லை.

வந்தது. பாயவில்லை. கொம்பும் இல்லை. சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கி, வயிறு தரையில் இடிக்க, தண்ணீருக்குள் தொடையளவு போய் நின்றது. நின்று மூச்சு வாங்கியது. மூக்கிலிருந்து நுரை வழிந்தது. பத்தடி தூரம்தான். எருத்தேன்பதியில் வண்ணான் துறையில் எருமை நிற்கிற தூரம்.

"சுடுங்க மாப்ள."

துப்பாக்கி செங்கோட்டையன் கையில் இருந்தது. அதை என்னவோ குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான்.

"மாப்ள, கழுத்தப் பாத்து."

"மாமா, அது நிக்குதுங்க."

"நிக்காம பின்ன ஒக்காருமா? சுடுங்க."

"ஓடவே இல்லீங்களே."

மிளா அவர்களைப் பார்த்தது. காதை ஒருமுறை அசைத்தது, கொசு விரட்டுகிற மாதிரி. பெரியமுத்து 'ப்ச்' என்று ஒரு சத்தம் போட்டு, அவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். வெடிச் சத்தத்தில் செங்கோட்டையன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். கண்ணைத் திறந்தபோது ஓடை கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. நாலு கால்களில் இரண்டு தண்ணீருக்கு மேலே உதைத்துக்கொண்டிருந்தன. வெகு நேரம் உதைத்தன. பூமி அதிரவில்லை. கரையில் இருந்த தவளை ஒன்றுகூட இடம் மாறவில்லை.

பெரியமுத்து துப்பாக்கியை மறுபடியும் அவன் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையையும் வாயில் குவித்தார்.

"ஓஓஓய்! மாப்ள விழத்தட்டிட்டாருடோய்!"

மலை மேலிருந்து மற்ற பதினெட்டுத் தொண்டைகளும் ஊளையிட்டன. செங்கோட்டையன் வாயைத் திறந்தான். மாமனார் அவன் தோளைத் தட்டி, தாழ்ந்த குரலில், "விடுங்க மாப்ள. எங்க மாமா எனக்கு இப்படித்தான் பண்ணாரு" என்றார். வழி நெடுகக் கேட்ட கொம்பு வைத்த கிடாக்கள் ஒவ்வொன்றாகச் செங்கோட்டையன் மனதில் கொம்பை இழந்தன.

மூங்கிலில் கட்டித் தூக்கி, தினமும் காலையில் ஆட்களின் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கொண்டுவந்து போட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். ஏல இலைகளை நீள நீளமாகப் பரப்பினார்கள். குடும்பத்துக்கு ஒன்று என்பது கூறின் அடிப்படை. அதற்கு மேல், கத்தி வைப்பதற்கு முன் மிளாவைத் தொட்டவன் எவனாக இருந்தாலும் அவனும் வேட்டைக்காரன், அவனுக்கும் ஒரு கூறு. இதனால் கத்தி வைப்பதற்கு முன் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து தொட்டார்கள். தபால்காரர் தொட்டார். டீக்கடைக்காரர் பாலைக் கொதிக்கவிட்டு ஓடிவந்து தொட்டார். செபமாலையம்மாள் என்கிற கிழவி, தன்னால் குனிய முடியாததால், கைத்தடியால் தொட்டாள். அது செல்லுமா என்று ஒரு தகராறு வந்து, செல்லும் என்று முடிவானது. ஒரு பிணத்தைச் சுற்றி இத்தனை சந்தோஷமான வரிசையைச் செங்கோட்டையன் ரேஷன் கடையில்கூடப் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் பாதையில் காக்கிச் சட்டை தெரிந்தது.

"சார், வாங்க வாங்க! சரியான நேரம்!" என்று பொன்ராஜ் கையைத் தூக்கிக் கூப்பிட்டான்.

கார்டு என்றால் அவர்களுக்குக் கார்டு. பழைய கார்டு மாற்றலாகிப் போனதும், செவ்வாய்க்கிழமை பாலா என்கிற மலையாள ஊர்ப் பக்கத்திலிருந்து செபாஸ்டின் என்று ஒரு புது ஆள் வந்ததும் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். புது ஆளிடம் பழைய வழக்கத்தை யாராவது முதலில் சொல்ல வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சட்டை அதே சட்டைதானே.

செபாஸ்டினுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மிளாவைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், முகம் வெளுத்துவிட்டது. பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஆரு வெடி வச்சது?"

"எங்க மாப்ள சார்! மொத தடவ!" என்று நாற்பது வீடும் ஒரே குரலில் சொல்லியது. யாரோ செங்கோட்டையனை முன்னால் தள்ளினார்கள்.

"பேரு?"

செங்கோட்டையன் பேரைச் சொல்லாமல் இடுப்புச் சணல் கயிற்றை இறுக்கினான். பெரியமுத்து அந்தக் குறையைத் தீர்த்தார். "செங்கோட்டையன் சார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவங்க அப்பா பேரு குப்பண்ணன், எருத்தேன்பதியில கெணறு வச்சுக் கடலை போட்டிருக்காரு. இவரு கொல்லங்கோட்டுல பள்ளிக்கூடத்துக் கிளார்க்கு. பெர்மனெண்டு. நல்லா எழுதிக்கங்க சார், செங்கோட்டையனுக்கு மூணு சுழி ண இல்ல, ரெண்டு சுழி."

ஒரு குற்றவாளியைப் பற்றி இத்தனை தகவலை இத்தனை பாசத்தோடு கொடுத்த ஊர் கேரளத்தில் வேறு இருக்க முடியாது. செபாஸ்டின் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு, கேஸுக்கு விவரம் வேண்டுமே, குனிந்து மிளாவின் பின்னங்காலைத் தூக்கி, "பெண்ணா?" என்றார்.

களத்தில் எல்லார் கண்ணும் அவர் கைக்குப் போனது. குருவம்மாள்தான் சொன்னாள்.

"சார் தொட்டாச்சு."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். செபாஸ்டினுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியமுத்து முக்காலியை இழுத்துப் போட்டு, பால் விடாத கட்டன் டீ வரவழைத்து, பொறுமையாக விளக்கினார். "சார், எங்க முறைப்படி தொட்டவுகளும் வேட்டக்காரங்க. இப்ப நீங்க கேஸ் எழுதுனா ஒங்க பேரையும் சேத்துல்ல எழுதணும்? நாப்பது வீடும் கோர்ட்டுல வந்து உள்ளதச் சொல்லும். நாங்க பொய் சொல்ற ஆளுக இல்ல." மிரட்டல் துளியும் இல்லை அதில். விருந்தாளிக்கு வீட்டு வழக்கம் சொல்கிற குரல்.

செபாஸ்டின் டீயைக் குடித்து முடிக்கும்வரை தரையைப் பார்த்தார். அப்புறம் நோட்டை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். எழுதிய தாளைக் கிழிக்கவில்லை என்பதைச் செங்கோட்டையன் கவனித்தான். அது அங்கேயே, இரண்டு சுழியோடு, பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

கத்தி வைத்தார்கள். வயிற்றைக் கீறியதும் அதிலிருந்து ஆவி வந்தது. குடலோடு சேர்ந்து பனியன் துணி மாதிரி மெல்லிய ஒரு பை நழுவிக் களத்தில் விழுந்தது. உள்ளே நாலு கால் மடங்கிக் கிடந்தது. குளம்பு இன்னும் வெள்ளையாக, சோப்பு மாதிரி இருந்தது. முகம் தெரிவதற்குள் செங்கோட்டையன் திரும்பிக்கொண்டான். 

"அடடே, நெறஞ்ச மாசம்" என்றான் பொன்ராஜ். "எளங்கறி. மருந்துக்காகும்."

"நாய்க்குப் போடு" என்றார் பெரியமுத்து.

அப்போது முக்காலியிலிருந்து ஒரு குரல், மெதுவாக, யாரையும் பார்க்காமல்: "அந்தக் குட்டி... எனிக்குத் தந்தா மதி, போதும். வீட்டுல அம்மைக்கு மூச்சுமுட்டு."

பத்து நிமிஷத்துக்கு முன்பு கேஸ் எழுத நோட்டை எடுத்த ஆள். செங்கோட்டையன் அவரைப் பார்த்தான். புதிதாக வந்தவர் இருவரில் வழக்கத்தைச் சீக்கிரம் கற்றுக்கொண்டவர் அவர்தான்.

கூறு வைத்தாயிற்று. நாற்பத்தாறு இலை, நாற்பத்தாறு குவியல். இனிமேல்தான் மாப்பிள்ளைக்கு வேலை. புதிதாக வந்தவன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பின்னால் ஒருவன் ஒரு குவியலைக் காட்டி "இது யாருக்கு?" என்று கேட்பான். நிற்பவன் ஒரு பேரைச் சொல்ல வேண்டும். எது நல்ல கறி, எது எலும்பு என்று அவனுக்குத் தெரியாது. அதனால் பாரபட்சம் கிடையாது. சொன்ன பேரை மாற்ற முடியாது. முதுகைக் காட்டி நிற்பவன் வாயில் பொய் வராது என்பது அங்கே நம்பிக்கை. பேர் தெரியாத புதுசுக்கு உதவியாகப் பொன்ராஜ் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு வீட்டுப் பேராகக் காதில் சொன்னான்.

"இது யாருக்கு?"

"சோலை வீட்டுக்குங்க."

"இது?"

"தபால்காரருக்குங்க."

"இது?"

"சிசிலி ஊட்டுக்குங்க."

முதுகுக்குப் பின்னால் கறி இலையில் சுருட்டப்படும் சத்தமும், "நமக்கு வெறும் நெஞ்செலும்பு" என்ற முனகலும், ஈக்களும். அவனுக்கு எதிரே ஏலக்காட்டின் பச்சை. செபாஸ்டின் பேரையும் சொன்னான். அவர் தன் கூறின் மேல் அந்தப் பையையும் வைத்துக் கட்டிக்கொண்டு, அவன் பக்கமாக வந்து, "கொல்லங்கோடு எனிக்கு அறியாம்" என்று, தனக்கு அந்த ஊர் தெரியும் என்பதை அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. தலையும் வலத்தொடையும்.

"இது விழத்தட்டினவுகளுக்கு" என்றது பின்னாலிருந்து குரல். பெரியமுத்துவின் குரல். "யாருக்கு?"

பொன்ராஜ் இந்த முறை காதில் ஒன்றும் சொல்லவில்லை. நகர்ந்து நின்றுகொண்டான்.

செங்கோட்டையன் யோசித்தான். 'மாமாவுக்கு' என்று ஒரு வார்த்தை. கார்டு போய்விட்டார், யாருக்கும் கெடுதல் இல்லை. உண்மை, அவ்வளவுதான். அதைச் சொன்னால் இந்த நாற்றம் கையில் ஒட்டாது. சொன்னால் நாளைக்குக் காலை பஸ்ஸில் அவன் தனியாக ஏற வேண்டும். திங்கட்கிழமை சாயங்காலம் பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, தானே வடித்த சோற்றைத் தானே தின்ன வேண்டும்.

"எனக்குங்க" என்றான்.

குலவை காதைக் கிழித்தது. முதல் மிளாவின் ஈரலை விழத்தட்டியவன்தான் முதலில் தின்ன வேண்டும். தணலில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல், பெரியமுத்து தன் கையாலேயே அவன் வாயில் வைத்தார். துருப்பிடித்த தாழ்ப்பாளை நக்கியது போல இருந்தது. மெல்ல மெல்ல அது பெரிதாகிக்கொண்டே போனது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினான். பெரியமுத்துவின் கண்ணில் நீர். "இனிமே என் மகள எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

சாயங்காலம் லயம் முழுக்க மிளகு வறுக்கும் வாசனை. பின்பக்கம் விறகு அடுக்கியிருந்த இடத்தில் சின்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். கை சுத்தமாக இருந்தது. அன்று அந்த வீட்டில் கறியைத் தொடாத கை அது ஒன்றுதான் போல.

"உங்கப்பா சரின்னுட்டாரு" என்றான் செங்கோட்டையன். "காலைல அஞ்சரை பஸ்ஸுக்குப் போயரலாம்."

"சுட்டது நீங்களா?"

"கூறுல சொன்னனே."

"கூறுல சொன்னது நாப்பது வீட்டுக்கு. எனக்குச் சொல்லுங்க."

"இல்ல. உங்கப்பா."

"தெரியும். கோழியப் பாத்தாலே சைக்கிளத் தூக்கிட்டு ஓடுற ஆளு. அதுக்குத்தான் ஒங்களப் பிடிச்சுப்போச்சு." அவள் ஒரு சிராயை எடுத்து ஒடித்தாள். "அப்புறம் ஏன் ஒங்களுதுன்னு சொன்னீக?"

"உன்னையக் கூட்டீட்டுப் போகோணுமில்ல?"

"நான் வியாழக்கெழம ராத்திரியே பெட்டியக் கட்டி வச்சாச்சு."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான்; பெட்டி கட்டித்தான் இருந்தது.

"வெள்ளிக்கெழம காலைல நீங்க எந்திரிச்சு 'வா'ன்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா பின்னாலயே வந்திருப்பேன். அப்பா ரெண்டு நாள் கத்துவாரு. மூணாம் நாள் டீயக் குடிச்சுட்டு வேலைக்குப் போவாரு. நீங்க அவருகிட்ட கேட்டீக. எங்கம்மாகிட்ட கேட்டீக. குடிச்சுட்டுக் கெடந்த அண்ணன்கிட்டயும் போயிக் கேட்டீக. நாய்ககிட்ட மட்டுந்தான் கேக்கல. என்கிட்ட கேட்டீகளா?"

"கேக்கலீங்க" என்றான். மனைவியிடம் 'ங்க' போட்டது அவனுக்கே பிறகுதான் உறைத்தது.

"குட்டிக்குக் கண்ணு தொறந்திருந்துச்சா?"

"பாக்கல."

"பக்கத்துலதான நின்னீக?"

"திரும்பி நின்னுட்டேன்."

"ம்" என்றாள். சிராய்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லயமே வழியனுப்ப வந்தது. பெரியமுத்து மகள் தலையைத் தடவினார். குருவம்மாள் ஒரு மூங்கில் கூடையைச் செங்கோட்டையன் கையில் கொடுத்தாள். தலையும் வலத்தொடையும், உப்பும் மஞ்சளும் தடவி, ஏல இலையில் கட்டியது. "சம்பந்திக்குக் குடுங்க. ஒங்க மகன் விழத்தட்டுனதுன்னு சொல்லுங்க."

பஸ்ஸில் கூட்டம் இல்லை. சின்னத்தாய் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு முன்னால் பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செங்கோட்டையன் மூன்று வரிசை பின்னால், மடியில் கூடையோடு. பூப்பாறை தாண்டுவதற்குள் கூடை கசிய ஆரம்பித்தது. கல்யாண வேட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் விழுந்து, மெதுவாகப் பெரிதானது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்து, எழுந்து, வேறு சீட்டுக்குப் போனார். அவனாலும் வேறு சீட்டுக்குப் போக முடிந்திருந்தால் போயிருப்பான்.

கண்டக்டர் பையைக் குலுக்கிக்கொண்டு வந்தார். செங்கோட்டையன் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். "ரெண்டு போடிங்க."

சின்னத்தாய் திரும்பவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எடுத்தாள்.

"எனக்கு ஒண்ணு" என்றாள்.

கண்டக்டர் முன்னும் பின்னும் பார்த்தார். "சேந்துதானம்மா வர்றீங்க?"

"போடி வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அத போடியில எறங்கி அவரு என்கிட்ட கேக்கட்டும்."

கண்டக்டர் அவளுக்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். செங்கோட்டையனின் வேட்டியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல், எட்ட நின்றபடியே, விரல் நுனியில் டிக்கெட்டை நீட்டினார். பஸ் போடிமெட்டு இறக்கத்தில் முதல் வளைவைத் திரும்பியது. வயிற்றுக்குள் ஈரலும் கூடவே திரும்பியது. போடிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, செங்கோட்டையன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.